பத்தைக் கந்தோர் ஜீ.பீ.எஸ். வாங்கிய கதை

கந்தப்புவின் மனைவி பாலேஸ்வரிக்கு மயிலிட்டியில் நாலு பரப்புச் சீதனக் காணி இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது. காணிக்குக் காலா இருக்கிறது, எழும்பிப் போக? ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் கந்தப்புவுக்கு வாய் கட்டிப் போகும். கலியாணம் கட்டி அந்தக் காணியில் இரண்டு மாரி காண முதலே யுத்தத்தால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவ வேலிக்குள் ஆளில்லாமல் கிடந்த இடத்தில் வீட்டுக்குள்ளால் ஆல் முளைத்து, ஒழுங்கைப் பாதைக்குள்ளால் விடத்தல் முள் படர்ந்து, கிணற்றைச் சுற்றி நாயுண்ணிச் செடி மண்டி, பட்டப்பகலிலேயே உள்ளுக்குள் இருண்டு கிடக்கும் காடாகிவிட்டது. பிறகு ஒருநாள், காணி விடுவிக்கப்பட்டுவிட்டது, சொந்தக்காரர் போகலாம் என்று அறிவித்தார்கள். சொந்தக்காரர் போனார்கள். போய் றோட்டில் நின்று காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

“என்ரை ஐயா தந்த காணியைத் துலைச்சுப் போட்டு வந்து நிக்கிறியள்,” என்றாள் பாலேஸ்வரி. “குடையைத் துலைச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். காணியைத் துலைச்ச மனிசன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்.”

கந்தப்பு இணுவிலில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறவர். எந்தப் பழுதான பம்பையும் கழற்றிப் பூட்டி இருமவைத்து விடுவார். ஆனால் காணி பம்பு இல்லையே. பாலேஸ்வரியின் வாய்க்குப் பயந்து அவர் அந்தக் கதையை எடுக்காமலே காலத்தை ஓட்டியிருப்பார். மகள் உதயகலாவுக்குக் கலியாணம் சரிவந்து, அந்தக் காணியையே சீதனமாகச் சொன்னபடியால்தான் வினை பிடித்தது.

மாப்பிள்ளை பார்த்தீபன், பருத்தித்துறைப் பெடியன். இரண்டு பேருக்கும் ஒரே வங்கியில் வேலை. தாங்களாகவே விரும்பி, பிறகுதான் தாய்தகப்பனுக்குச் சொன்னார்கள். அவனுக்குக் காணியும் வேண்டாம், பூமியும் வேண்டாம். ஆனால் அவனுடைய தாய் யோகாம்பிகை சூடு கண்டவள். மூத்த மகனுக்குச் சீதனமாக எழுதிய காணியை உறுதிப் பத்திரமும் கையுமாகத் தேடிப் போனபோது, உறுதியில் சொன்ன இடத்தில் கடல் இருந்ததாம்.

“உங்கடை உறுதியிலை நான் பிழை சொல்லேல்லை அண்ணை,” என்று யோகாம்பிகை வெகு மரியாதையாகச் சொன்னாள். “ஆனா இந்த முறை காணி இருக்கெண்டு என்ரை கண்ணாலை கண்டுதான் நாள் வைப்பன். ஆவணிக்குள்ளை காட்டுங்கோ. இல்லாட்டி வேறை இடம் பாப்பம். குறை நினையாதேங்கோ.”

“அப்பா, அவர் கட்டப்போறது என்னை, காணியை இல்லை,” என்று உதயகலா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையே கந்தப்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்தைக் கந்தோருக்குப் போனார்.

பத்தைக் கந்தோர், அதாவது பற்றைக்காட்டு அலுவலகம் என்பது சனம் வைத்த பேர். அரசாங்கம் வைத்த பேர் ‘அடர்வளர் காணிகளின் எல்லை மீளுறுதிப்படுத்தல் மற்றும் இணைப்பாக்கப் பணியகம்’. பேர்ப்பலகை கட்டடத்தை விட நீளமாய்ப் போனதால் கடைசி இரண்டு சொல்லையும் பக்கத்து மரக்காலைச் சுவரில் அடித்திருந்தார்கள். அதனால் விறகு வாங்க வந்த சனம் இணைப்பாக்கப் பணியகம் இதுதானாக்கும் என்று மரக்காலைக்காரரிடம் காணிக் கதை கதைத்தது. அந்த மனிசன் விசாரித்து இரண்டொருவருக்குப் பதிலும் சொல்லியிருக்கிறார். கந்தோரில் அதுகூடக் கிடைக்காது.

உதவிப் பணிப்பாளர் மயூரதன் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். வருகிற ஆளைக் கதிரையில் இருக்கச் சொல்லுவார். தேத்தண்ணி கொடுப்பார். இல்லை என்ற சொல்லை அவர் வாயால் ஒருவரும் கேட்டதில்லை. ஓம் என்ற சொல்லையும் கேட்டதில்லை.

“ஐயா, எல்லை உறுதியாகாமல் பத்தை வெட்டேலாது,” என்று அவர் பொறுமையாக விளக்கினார். “உங்கடை எண்டு நினைச்சு மற்றவன்ரை பத்தையை வெட்டிப் போட்டா என்ன செய்யிறது? பத்தைக்குள்ளை போகாமல் எல்லையை உறுதியாக்கவும் ஏலாது.”

“அப்ப உள்ளை போவம் சேர். நான் கத்தியோடை வாறன்.”

“போகலாம். ஆனா அங்கீகரிச்ச வழிகாட்டுக் கருவி இல்லாமல் போகேலாது.”

அதற்கு ஒரு வரலாறு இருந்தது. கந்தோர் தொடங்கிய புதிதில் கள ஆய்வுக்குப் போன உத்தியோகத்தர் ஒருவர் அவசரத்துக்கு ஒதுங்கவென்று காட்டுக்குள் போனார். போனவர் வழி தெரியாமல் சுற்றி, பின்னேரம் வேறோர் ஊர் றோட்டில் ஏறி, வந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார். ஆள் தப்பியது பெரிதல்ல. கந்தோர் விடமுதல் வீட்டுக்குப் போனதற்கு அரைநாள் லீவு வெட்டுவதா விடுவதா என்பதுதான் பெரிய பிரச்சினையாகி, மேலிடம் வரைக்கும் போய், சுற்றுநிருபமாகத் திரும்பி வந்தது. அடர்ந்த காட்டுக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட கையடக்க ஜீ.பீ.எஸ். கருவி இல்லாமல் இனி ஒருவரும் பத்தைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

“சேர், மகளின்ரை போனிலையும் ஒரு நீலப் புள்ளி காட்டுது,” என்றார் கந்தப்பு. “நாங்கள் நிக்கிற இடம் அதுதானாம். உதை வைச்சுக்கொண்டு போகேலாதோ?”

மயூரதன் சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஐயா, போன் எண்டது கதைக்கிற சாமான். கதைக்கிற சாமானுக்கு வேறை செலவுத் தலைப்பு. வழி பாக்கிற சாமானுக்கு வேறை. கதைக்கிற சாமானாலை வழி தேடினா கணக்காய்வுக்காரர் என்னைச் சும்மா விடுவினமோ?”

“றோட்டிலை ஆரையும் வழி கேக்கிறதெண்டாலும் கதைச்சுத்தானே சேர் கேக்கிறம்?”

மயூரதன் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோவையில், விண்ணப்பதாரி விவாதிக்கும் இயல்புடையவர் என்று எழுதினார்.

வெளியே வாங்குப் பலகையில் ஒரு பெண் இருந்தாள். இராசமலர் என்று பேர். மல்லாகத்தில் தையல் தைக்கிறவள். கதைத்துப் பார்த்தால் அவளுடைய காணி பாலேஸ்வரியின் காணிக்கு அடுத்த காணி. கந்தப்பு குடிபோன காலத்தில் அவள் பாவாடை சட்டையோடு திரிந்த பெட்டை. இத்தனை காலத்துக்குப் பிறகு பக்கத்து வளவுக்காரியைக் கண்டது கந்தப்புவுக்குச் சொந்தத் தங்கச்சியைக் கண்டது மாதிரி இருந்தது. அவளும் அண்ணை அண்ணை என்று உருகிப் போனாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே வந்தார்கள், சேர்ந்தே இருந்தார்கள், சேர்ந்தே கந்தோரைத் திட்டினார்கள். அவள் கொண்டுவரும் இடியப்பப் பார்சலில் பாதி அவருக்கு.

“காணி கிடைச்சா முதல் வேலையா வேலியிலை நுழைஞ்சு வர ஒரு பொட்டு விடுவம் அண்ணை,” என்பாள். “நீங்கள் இஞ்சாலை வாறதும் நான் அங்காலை வாறதுமா இருப்பம்.”

“வேலி என்னத்துக்குப் பிள்ளை? சகோதரங்கள் எல்லே,” என்பார் கந்தப்பு. வேலி வேண்டாம் என்று ஒரு யாழ்ப்பாணத்தான் வாய்திறந்து சொன்னான் என்றால் அவன் எவ்வளவு நொந்து போயிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் கந்தோரில் கருவி வாங்குவதற்கான பெறுகைக் குழு கூடியது. கையடக்கக் கருவி என்றால் யாருடைய கைக்கு அடக்கம் என்று முதலாவது கூட்டத்திலேயே கேள்வி வந்ததால், எல்லா உத்தியோகத்தரும் கையை விரித்துக் காட்ட, ஒருவர் அடிமட்டம் வைத்து அளந்தார். பணிப்பாளரின் கைதான் சின்னக் கை. அவர் கையைவிடச் சின்னக் கருவி வாங்கினால் மற்றவர் கையில் நழுவும். பெரிய கருவி வாங்கினால் பணிப்பாளருக்கு மரியாதைக் குறைவு. கடைசியில் சராசரிக் கை ஒன்றைக் கணக்கிட்டு எடுத்தார்கள். அந்த அளவுக் கை அந்தக் கந்தோரில் ஒருவருக்கும் இல்லை.

பிறகு காணிச் சொந்தக்காரருக்குத் தெளிவூட்டல் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். கந்தப்பு அன்றைக்கு இரண்டு பம்பு வேலையை விட்டுவிட்டுப் போனார். மயூரதன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“அன்பார்ந்த காணிச் சொந்தக்காரர்களே! முப்பது வருடத்துக்கு மேல் பொறுத்துவிட்டீர்கள். அதற்காக இந்தப் பணியகம் உங்களைப் பாராட்டுகிறது. பொறுத்துப் பழகிய மக்கள் ஒரு நல்ல கருவிக்காக இன்னும் சிறிது காலம் பொறுக்க மாட்டார்களா? சிலர் எங்களைக் குறை சொல்கிறார்கள். நாங்கள் ஒன்றும் செய்யவில்லையாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எத்தனை கூட்டம் தேவைப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? அவசரப்பட்டு ஒரு கருவியை வாங்கி, அவசரப்பட்டுக் காணிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு இந்தப் பணியகத்தின் எதிர்காலம் என்ன? நாற்பது குடும்பங்கள் இந்தக் கந்தோரை நம்பி இருக்கின்றன. அவர்களும் மனிதர்கள்தானே!”

சனம் கை தட்டியது. தேத்தண்ணி தட்டில் வருவதைக் கண்டு முன்வரிசை தட்ட, என்னவோ ஏதோ என்று பின்வரிசையும் தட்டியது. கந்தப்புவும் தட்டினார். தட்டிவிட்டுத் தன் கையையே வெறுப்போடு பார்த்துக்கொண்டார்.

அடுத்தது பரிசோதனை. கொழும்புக் கம்பனிகள் மாதிரிக்கு மூன்று கருவி அனுப்பியிருந்தன. அடர்ந்த மரங்களுக்குக் கீழே செய்மதியிலிருந்து வருகிற சமிக்ஞை தடைப்படும். எந்தக் கருவி தடையைத் தாண்டி எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அது நியாயம்தான். ஆனால் அங்கீகரித்த கருவி இல்லாமல் காட்டுக்குள் போக முடியாது. காட்டுக்குள் போகாமல் கருவியை அங்கீகரிக்க முடியாது. குழு இதைத் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து, காட்டைக் கந்தோருக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தது.

விண்ணப்பதாரிகள் எல்லோரும் ஆளுக்கொரு வேப்பங் கொப்போடு வரவேண்டும் என்று அறிவித்தல் போனது. பொதுமக்கள் பங்களிப்பு என்று அதற்குப் பேர். வெயில் ஏறும் நேரம் கந்தோர் முற்றத்தில் கந்தப்புவும் இராசமலரும் இன்னும் ஒரு கூட்டமும் கொப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“நெருக்கமா நில்லுங்கோ,” என்று மயூரதன் விறாந்தையில் நின்று கத்தினார். “அந்த மூலையிலை வெளிச்சம் தெரியுது. ஐயா, நீங்கள் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா நில்லுங்கோ!”

“சேர், ஆனி முடியப் போகுது. என்ரை காணி அலுவல்…”

“நீங்கள் இப்ப மரம். மரம் கதைக்காது.”

“காத்தடிச்சா அசையலாமோ எண்டு கேளுங்கோ அண்ணை,” என்று இராசமலர் கொப்புக்குள்ளால் சொன்னாள். கந்தப்புவுக்குச் சிரிப்பு வரவில்லை. தோள்மூட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று ஒரு மெலிந்த இளைஞர், கருவிகளைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு, இவர்களுக்கு நடுவால் குனிந்தும் நிமிர்ந்தும் நடந்தார். ஒரு கருவி அவர் நிற்கும் இடம் கந்தோர் முற்றம் என்று சரியாகச் சொன்னது. காட்டுக்குள் நிற்கும்போது முற்றம் என்று காட்டிய குற்றத்துக்காக அதை நிராகரித்தார்கள்.

பரிசோதனை அறிக்கையைக் கந்தப்பு பிறகு அறிவித்தல் பலகையில் வாசித்தார். ‘தேநீர் இடைவேளையின்போது காடு கலைந்து சென்றுவிட்டமையால் பரிசோதனை முழுமைபெறவில்லை’ என்று எழுதியிருந்தது.

ஆகவே உண்மையான காடு பார்க்கவென்று குழு மலைநாட்டுக்குப் போனது. குடும்பத்தோடுதான் போனது. காட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கும் விழிப்புணர்வு வேண்டும் அல்லவா. தடிமன் காய்ச்சலும் நிறையப் படங்களும் மரக்கறி மூட்டைகளுமாகத் திரும்பி வந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு கருவியில் ஒன்று திரும்பி வரவில்லை. அது பச்சை நிறம். பற்றைக்குள் விழுந்ததை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இடத்தைக் கண்டுபிடிக்கிற கருவியே காணாமல் போனதால், காட்டில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற நிறம் எது என்று ஆராய உபகுழு ஒன்று அமைத்தார்கள்.

உபகுழு நீலம் என்றால் அது ஒரு கட்சியின் நிறம். சிவப்பும் அப்படி. மஞ்சளும் சிவப்பும் கலந்தால் பழைய கொடி ஒன்று நினைவுக்கு வருமென்று அதைப் பற்றிக் கதைக்கவே ஒருவரும் விரும்பவில்லை. இப்படியே ஆடி பிறந்து ஆடியும் போய்க்கொண்டிருந்தது. யோகாம்பிகை தொலைபேசியில், “சும்மா சுகம் விசாரிக்க எடுத்தனான் அண்ணை,” என்று இரண்டாம் முறையும் எடுத்தாள். உதயகலா இப்போது சிரிப்பதையும் விட்டுவிட்டாள். வேலையால் வந்தால் நேரே அறைக்குள் போனாள். பாலேஸ்வரியோ வாயை மூடிக்கொண்டாள். அவள் ஏசினால் தாங்கலாம். பேசாமல் சோற்றைப் போட்டுவிட்டுப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

கந்தப்பு ஒருநாள் பொறுக்காமல் மயூரதனின் மேசையில் அடித்தார். “என்ன கோதாரி சேர் இது! என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை போகப் போகுது. நீங்கள் நிறம் பாத்துக்கொண்டு இருக்கிறியள்!”

“கோபப்படாதேங்கோ ஐயா. நாங்களும் பிள்ளை குட்டிக்காரர்தான்,” என்று மயூரதன் உண்மையாகவே இரங்கிச் சொன்னார். “நேற்றுத்தான் முடிவாச்சு. றோஸ் நிறம்.”

றோஸ் நிறத்தில் எந்தக் கம்பனியும் காட்டுக் கருவி செய்வதில்லை. மிஞ்சியிருந்த ஒன்றை வாங்கி, கந்தோர் வாசல் படலைக்குப் பெயின்ற் அடித்தவரைக் கொண்டே அதற்கும் அடித்தார்கள். பொத்தான்களுக்கு மேலாலும் அடித்துவிட்டார். எது எந்தப் பொத்தான் என்று இனி ஒருவருக்கும் தெரியாது. திரைக்கு அடிக்காமல் விட்டது பெரும் புண்ணியம்.

ஆவணி பிறந்த கையோடு மயூரதன் தானே கந்தப்புவுக்குத் தொலைபேசி எடுத்தார். “ஐயா, நல்ல செய்தி! கருவி அங்குரார்ப்பண விழா மயிலிட்டியிலை. உங்கடை விண்ணப்பம்தான் முதலாவது. உங்கடை பகுதியிலைதான் கருவி முதல் முதலா வேலை செய்யப் போகுது. பிரதம அதிதி வாறார். நீங்கள் வேட்டியோடை வாங்கோ.”

கந்தப்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கந்தோரை எத்தனை தரம் மண் அள்ளித் தூற்றியிருப்பார். அவ்வளவுக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். உடனே யோகாம்பிகைக்கு எடுத்து, வாற வெள்ளிக்கிழமை வந்து காணியைப் பாருங்கோ என்றார். பாலேஸ்வரி சம்பந்திக்கு விருந்து சமைக்க வீட்டில் நின்றுவிட்டாள். கந்தப்பு ஒரு லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரத்தைப் பிடித்து, எல்லை காட்டின கையோடு வேலிக்கு நட்டுவிடலாம் என்று ஒரு கட்டுக் கிளுவங் கதியால் தடிகளும் குழி போட அலவாங்கும் ஏற்றிக்கொண்டு, மகளோடு போய் இறங்கினார்.

இறங்கிப் பார்த்தால் காட்டைக் காணவில்லை.

ஒரு மரம் இல்லை. ஒரு பற்றை இல்லை. றோட்டிலிருந்து கடற்பக்கம் வரை மொட்டையாக, சமமாக, செம்மண்ணும் கல்லும் கிடந்தன. நடுவில் மேடை. மேடைக்கு முன்னால் துணி போர்த்த கதிரைகள். பின்னால் வாகனம் விட ஒரு பெரிய வெளி.

“சேர்… காடு எங்கை?”

“பிரதம அதிதி வாறார் எல்லே,” என்றார் மயூரதன் முகமெல்லாம் பூரித்து. “அவருக்கு முள்ளுக் குத்தினா ஆர் பொறுப்பு? டோசர் விட்டுத் துப்புரவாக்கிப் போட்டம். உங்களுக்கும் வெட்டுக்கூலி மிச்சம்.”

“பத்தை வெட்டேலாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“சொந்தக்காரர் வெட்டேலாது. விழாவுக்கு வெட்டலாம்.”

“கிணறு? கட்டுக்கிணறு ஒண்டு இருந்தது சேர். அதைக் கண்டா எனக்கு மற்றதெல்லாம் பிடிபடும்.”

“கிணறோ?” மயூரதன் யோசித்தார். “ஏதோ ஒரு பள்ளம் இருந்ததெண்டு டோசர்க்காரன் சொன்னவன். கதிரை போட இடைஞ்சலெண்டு நிரவிப் போட்டான். இப்ப ஆரும் விழுந்தெழும்பப் பயமில்லை.”

கந்தப்பு கதிரை வரிசைகளைப் பார்த்தார். காட்டுக்குள் கிடந்தாலும் அது கிடந்ததே. வீடு, படிக்கட்டு, கிணறு என்று எல்லாம் உள்ளுக்குள் எங்கேயோ தனக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறது என்றுதான் இவ்வளவு நாளும் கொப்புத் தூக்கிக்கொண்டு நின்றார். இப்போது அழுவதற்குக்கூட எந்த இடத்தைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை.

விழா நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். வெள்ளித் தட்டில் பட்டு விரித்து, றோஸ் நிறக் கருவியைத் தூக்கிவந்து, திரைக்கு மேலே சந்தனப் பொட்டும் வைத்தார்கள். பிரதம அதிதி நாடா வெட்டிவிட்டு, வேறொரு நாடா வெட்ட வேண்டியிருப்பதாகச் சொல்லிப் போனார். முன்வரிசைக் கதிரையில் இருந்த யோகாம்பிகை கந்தப்புவைத் திரும்பிப் பார்த்தாள். கையால் மெல்ல, எது என்று கேட்டாள்.

கந்தப்பு மேடைக்கு ஓடினார். “சேர், சம்பந்தி வந்திருக்கிறா. கெதியா என்ரை காணியைக் காட்டுங்கோ.”

மயூரதன் சுற்றிவரப் பார்த்தார். முதல் தடவையாக அவருடைய முகத்தில் ஒரு யோசனை ஓடியது. “ஐயா, ஒரு சின்னச் சிக்கல். இந்தக் கருவி அடர்ந்த காட்டுக்கு அங்கீகரிச்ச கருவி. இது வெளி.”

“அதுக்கு?”

“காட்டுக் கருவியை வெளியிலை பாவிச்சா நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது? வெளி நிலத்துக்குக் கருவி தெரிய வேறை குழு போடுவம். இல்லாட்டி ஒண்டு செய்யலாம். பத்தையை அப்பிடியே திரும்ப வளர விடுங்கோ. இந்த முறை நல்ல மாரியாம்…”

“விசரோ உங்களுக்கு?” கந்தப்பு கத்தின கத்தலில் ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்தினான். “காட்டுக்குள்ளை கிடந்த காணியைக் காட்டுங்கோ எண்டு வந்தன். காட்டையும் இல்லாமலாக்கி, கிணத்தையும் மூடி, இப்ப காட்டை வளத்துக்கொண்டு வாவெண்டு சொல்லுறியளோ? நீங்கள் ஒண்டும் காட்ட வேண்டாம். நான் காட்டுறன்!”

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அலவாங்கையும் ஒரு கதியாலையும் தூக்கிக்கொண்டு வெளிக்குள் இறங்கினார். றோட்டு வளைவைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஒழுங்கை இதாலை வந்திருக்கும், வாசல் இதிலை இருந்திருக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். கணக்குச் சரியோ என்று அவருக்கே தெரியாது. ஆனால் யோகாம்பிகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓங்கி நாலு குத்துக் குத்திக் கதியாலை நட்டார்.

“கந்தப்பு அண்ணை,” என்றாள் பின்னாலே வந்த இராசமலர். “அது அதிலை இல்லை.”

“என்ன பிள்ளை?”

“வேலி அதிலை இல்லையண்ணை. அங்காலை. நீங்கள் இப்ப நிக்கிறது என்ரை காணிக்குள்ளை.”

“உனக்கென்ன தெரியும், நீ அப்ப சின்னப் பெட்டை.”

“சின்னப் பெட்டை எண்டாலும் வேலி தெரியும். உங்கடை மாமனார் மாரிக்கு மாரி கதியாலை எங்கடை பக்கம் நகர்த்தினதும் தெரியும்.”

“ஆர், என்ரை மாமாவோ? உங்கடை ஐயா எங்கடை பூவரசுக் கொப்பை வெட்டி ஆட்டுக்குப் போட்ட கதையை எடுக்கட்டோ?”

“அது எங்கடை பூவரசு!”

“வேர் எங்கடை பக்கம்!”

“கந்தப்பு, நீர் வயசுக்கு ஏத்த மாதிரிக் கதையும்!” என்றாள் இராசமலர். அண்ணை போய்விட்டது, நீங்கள் போய்விட்டது, நீர் வந்துவிட்டது. இடியப்பமும் இதோடு போய்விட்டது என்று கந்தப்புவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் நிற்கவில்லை. அவள் கதியாலைப் பிடுங்கினாள். அவர் திரும்ப நட்டார். அவள் திரும்பப் பிடுங்கி அரைச் சாண் அங்காலே கொண்டுபோய்க் குத்தினாள். சனம் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தது. விழாவுக்கு வராத கூட்டம் எல்லாம் றோட்டில் சைக்கிளை விட்டுவிட்டு இதற்கு வந்தது.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் மனம் பொறுக்காமல், சந்தனத்தைத் துடைத்துவிட்டு, பெயின்றை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பொத்தானைத் தேடி அமுக்கிக் கருவியை இயக்கினார். “நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ,” என்றார் தணிந்த குரலில். “பழைய வரைபடத்தின்படி எல்லை இந்த இடத்திலைதான் வருது. மூண்டு மீற்றர் அங்காலை இஞ்சாலை இருக்கலாம்.”

சண்டை சட்டென்று நின்றது. இருவரும் ஒருமிக்கத் திரும்பினார்கள்.

“மூண்டு மீற்றரோ?” என்றார் கந்தப்பு.

“நாங்கள் அரைச் சாணுக்கு அடிபடுறம், இவர் மூண்டு மீற்றரைக் கொண்டு வாறார்!” என்றாள் இராசமலர். “மூண்டு மீற்றருக்குள்ளை ஒரு குடும்பத்தையே குடியிருத்தலாம். போம் தம்பி, போய் உந்த விளையாட்டுச் சாமானை உள்ளுக்கு வையும்!”

அவர் வைத்துவிட்டார். இவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

மயூரதன் கோவையும் கையுமாக வந்து சேர்ந்தார். அவருடைய முகம் இப்போது தெளிந்திருந்தது. “ஐயா, அம்மா, இரண்டு பேருக்கும் நன்றி. இது தகராறுக்குரிய காணி எண்டு இப்ப தெளிவாப் போச்சு. தகராறுக் காணி எங்கடை பணியகத்துக்குக் கீழை வராது. உங்கடை கோவையை நான் வெற்றிகரமா மூடலாம்.”

கந்தப்பு தலையில் கை வைத்தார். போயிற்று. காணியும் போயிற்று, கலியாணமும் போயிற்று. பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நிலத்தைப் பார்த்தார்.

யோகாம்பிகை கதிரையை விட்டு எழும்பி வந்தாள். சண்டை தொடங்கியபோது அவள் தூரத்தில் இருந்துதான் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்து பார்த்தாள். பூவரசுக் கதை வந்தபோது, ஆர் நட்ட பூவரசு என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தும் கொண்டாள். இப்போது மயூரதனை ஒரு கையால் விலத்திவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

“கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ,” என்றாள். “எனக்குக் கருவியும் வேண்டாம், கந்தோரும் வேண்டாம். இல்லாத காணிக்கு ஆரும் இப்பிடி அடிபட மாட்டினம்.”

அவள் இதைக் கந்தப்புவுக்குத்தான் சொன்னாள். ஆனால் கந்தப்புவுக்கு அது விழவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்குள் இராசமலர் கதியாலை மெல்ல அசைத்து இன்னும் அரைச் சாண் இஞ்சாலே சாய்த்துவிட்டாள். அதை அவர் கண்டுவிட்டார்.

“அப்பா!” உதயகலா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக ஓடி வந்தாள். “அப்பா, மாமி ஓமெண்டிட்டா!”

“பொறு பிள்ளை,” என்றார் கந்தப்பு, இரண்டு கையாலும் கதியாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. “முதல்லை இவ கையை எடுக்கட்டும்.”